பிரேக் இறுகுவது ஏன்?

ஓடுவதற்கென ஒரு யந்திரத்தைப் படைத்துவிட்ட மனிதன், அதனை நிறுத்துவதற்கு ஏற்ற சாதனத்தைத் தேடிப் பின்னும் பல ஆண்டுகள் அலைந்தான். மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சினின் பெருமையைப் பேசுவர்; வேகத்தின் சாதனைகளை எண்ணுவர். ஆனால் ஓடும் வண்டியில் உயிரைக் காப்பது எஞ்சின் அன்று. ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் ஒரு சிறு மிதியே. அந்த மிதியைப் பற்றியும், சில வேளைகளில் அது இறுகிப்போவதைப் பற்றியும் நாம் இங்கே சிறிது சிந்திப்போம்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சொந்த ஊர் காண விரும்பிப் பெங்களூரிலிருந்து காரில் புறப்படும் நம்மவர்கள், தருமபுரியைக் கடந்ததும் தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலம் சேர்கிறார்கள். மும்பையில் வாழ்வோர் புனே சென்று திரும்புகையில் கண்டாலா மலைச்சரிவில் இறங்குகிறார்கள். அத்தகைய நீண்ட இறக்கம் ஒன்றில் திருப்பம் நெருங்குகிறது. பிரேக்கின் மீது காலை வைத்து அழுத்துகிறோம். மிதி இறங்க மறுக்கிறது. மரக்கட்டையை மிதிப்பது போல் இருக்கிறது. வண்டியோ தன் போக்கில் விரைகிறது. இந்த ஒரு கணத்தின் அச்சத்தை அனுபவித்தவர்கள் மறப்பதில்லை.

பிரேக்கின் நோய்கள் இருவகைப்படும். மிதி பஞ்சுபோல் அமிழ்ந்து தரையைத் தொடுவது ஒன்று. கல்லைப்போல் இறுகி நிற்பது மற்றொன்று. அமிழ்ந்தால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிவு இருக்கிறது என்று சாலையோரத்து மெக்கானிக்கும் எளிதில் சொல்லிவிடுவார். இறுகினாலோ காரணம் ஒன்றன்று. எனினும் அக்காரணங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிரேக் என்னும் சாதனம் எந்த வரிசையில் வளர்ந்து வந்ததோ, ஏறக்குறைய அதே வரிசையில் அதன் நோய்களும் பிறந்திருக்கின்றன. ஆகவே, வரலாற்றை அறிந்தவர் நோயையும் அறிவார்.

நம் நாட்டு மாட்டு வண்டி மேட்டில் நிற்கும்போது, அது பின்னோக்கி உருளாதபடி சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையைக் கொடுப்பார்கள். அதுவே முட்டுக்கட்டை. சக்கரத்தோடு ஒரு பொருளை உராயவிட்டு ஓட்டத்தைத் தடுப்பது என்னும் கருத்தும் அதுபோலவே பழமையானது. குதிரை வண்டிகளில் இரும்புப் பட்டையின் மீது மரக்கட்டை உராய்ந்தது. மோட்டார் வண்டி வந்தபின், 1902-இல் பிரான்ஸ் தேசத்து லூயி ரெனோ, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் இரண்டு ஷூக்கள் விரிந்து உராயும் பிரேக்கை அமைத்தார். ஆனால் காலின் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு சென்றவை இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களுமே. ஒவ்வொரு மூட்டிலும் துருவும் தேய்மானமும் சேரும். நான்கு சக்கரங்களில் ஒன்று முந்திப் பிடிக்கும், மற்றொன்று பிந்தும். வண்டி நேரே நில்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

கம்பிகளின் காலம் மறைந்தாலும் அதன் எச்சம் ஒன்று இன்றைய காரிலும் இருக்கிறது. மிதி தொங்கும் அச்சும், அது மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தண்டும் அன்றைய நெம்புகோலின் வாரிசுகளே. மழைநீரும் புழுதியும் சேர்ந்து அந்த அச்சு துருப்பிடித்து இறுகிவிட்டால், மற்ற யாவும் செம்மையாக இருந்தும் மிதி கடினமாகும். காலை எடுத்தபின் மெல்லவே திரும்பும். ஆதலால் மிதி இறுகியதும் எஞ்சினையோ சக்கரத்தையோ கழற்றுவதற்கு முன், குனிந்து அந்த அச்சைப் பார்ப்பதே முதற்காரியம். செலவில்லாத சோதனையை முதலில் செய்வது மருத்துவத்துக்கும் பொருந்தும். மெக்கானிக் தொழிலுக்கும் பொருந்தும்.

இனி நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1623-இல் பிறந்து 39 வயதிலேயே மறைந்த பிரெஞ்சு மேதை பிளேஸ் பாஸ்கல், திரவங்களின் சமநிலையைக் குறித்து எழுதிய நூல் அவர் மறைந்த பின், 1663-இல் வெளிவந்தது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம், குறைவின்றி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதே அவர் கண்ட விதி. 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இவ்விதியைக் கொண்டு நீரழுத்த யந்திரத்தைச் செய்து காப்புரிமை பெற்றார். சிறிய உருளையில் கொடுத்த சிறு விசை, பெரிய உருளையில் பெரு விசையாக வெளிப்பட்டது.

காலடியில் நடப்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். ஓட்டுபவர் 20 கிலோ விசையுடன் மிதிப்பதாகக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 100 கிலோ விழும். அப்பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் ஆனால், திரவத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் உண்டாகும். 5 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வீல் சிலிண்டரின் ஒவ்வொரு பிஸ்டனும் 125 கிலோ விசையுடன் ஷூவைத் தள்ளும். எல்லாச் சக்கரங்களுக்கும் செல்லும் அழுத்தம் ஒன்றே. ஒரே கணத்தில் செல்வது. கம்பிகளால் இயலாததைத் திரவம் செய்தது.

இங்கே ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். திரவம் சுருங்குவதில்லை. ஆகவே, நல்ல பிரேக்கின் மிதி சிறிது இறங்கியதும் உறுதியாக நிற்கவே செய்யும். உறுதி நோயன்று, மிதி உறுதியாக நின்று வண்டியும் நின்றால் அது ஆரோக்கியம். மிதி இறுகி வண்டி நில்லாவிடிலேயே நோய். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காலின் விசை வழியில் எங்கேனும் தடைப்படுகிறதா? சக்கரம் வரை சென்றும் அங்கே உராய்வு இல்லையா? அல்லது காலுக்குத் துணைசெய்ய வேண்டிய சாதனம் செயலற்றுவிட்டதா?

பாஸ்கலின் விதியைக் காரின் சக்கரத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். இவரும் இவர் தம்பி ஆலனும் 1913-இல் சான்பிரான்சிஸ்கோவில் தாமே கட்டிய கடல் விமானத்தைப் பறக்கவிட்டவர்கள். தம்பியின் முயற்சியால் குடும்பப் பெயர் விமானத் தொழிலில் நிலைத்தது. அண்ணனோ பிரேக்கில் மனம் செலுத்தி, 1917-இல் தம் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை கோரினார். 1921-இல் பிரான்சின் லமான் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் பூண்ட டியூசன்பர்க் கார் வென்றது. அதை ஓட்டியவர் ஜிம்மி மர்பி என்ற அமெரிக்கர். நிறுத்தத் தெரிந்த வண்டியே விரைவாக ஓடவும் வல்லது என்பதை உலகம் அன்று கண்டது.

எனினும் ஒரு குறை இருந்தது. தொடக்கத்தில் பிஸ்டனின் விளிம்பில் வைத்த தோல் வளையங்கள் உலர்ந்து சுருங்கின, திரவம் கசிந்தது. 1924-இல் வால்டர் கிரைஸ்லர் தம் பெயரால் வெளியிட்ட முதல் காருக்கு அவருடைய எஞ்சினியர்கள் இதைச் சீர்திருத்தி, தோலுக்குப் பதிலாக ரப்பர் கிண்ணங்களை அமைத்தார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற ரப்பரின் விளிம்பு சுவரோடு மேலும் இறுகப் பொருந்தும், கசிவு நின்றது. ஆயினும் காலிலிருந்து சக்கரம் வரை எஃகுக் கம்பியே நம்பத்தக்கது என்று ஹென்றி ஃபோர்டு நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தார். 1939-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில்தான் அவரும் திரவத்துக்கு இணங்கினார்.

ரப்பர் வந்ததும் கசிவு தீர்ந்தது; ஆனால் புதியதொரு நோய்க்கு வழி திறந்தது. மண்ணிலிருந்து எடுக்கும் தாது எண்ணெய் இந்த ரப்பருக்குப் பகை. பட்டால் ரப்பர் ஊறிப் பருத்துவிடும். அதனால்தான் முற்காலத்துப் பிரேக் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹாலுடன் ஆமணக்கெண்ணெயைக் கலந்தார்கள். நம் வண்டிக்காரர் அச்சுக்கு மை போடப் பயன்படுத்திய அதே ஆமணக்கெண்ணெய்தான்! அது ரப்பருக்குத் தீங்கு செய்வதில்லை. பிற்காலத்தில் கிளைக்கால் என்னும் இரசாயன வகையைச் சேர்ந்த திரவம் அதன் இடத்தைப் பெற்றது.

நம் ஊர்ப் பேச்சில் இத்திரவத்தை 'பிரேக் ஆயில்' என்கிறோம். அந்தப் பெயரே ஏமாற்றுவது. இன்றைய பிரேக் திரவம் ஆயில் அன்று. பெயரை நம்பி, தொட்டியில் குறைந்த அளவை எஞ்சின் ஆயிலால் நிரப்புவோர் உண்டு. சில நாட்களில் ரப்பர்க் கிண்ணங்கள் பருக்கின்றன. மாஸ்டர் சிலிண்டரில், மேலுள்ள தொட்டிக்கும் உள்ளிருக்கும் திரவத்துக்கும் இடையே ஊசிமுனை போன்ற ஒரு சிறு துளை இருக்கும். காலை எடுத்ததும், சூட்டால் விரிந்த திரவம் அதன் வழியாகவே தொட்டிக்குத் திரும்ப வேண்டும். பருத்த கிண்ணம் அத்துளையை மூடிக்கொண்டால் திரும்பும் வழி அடைபடும். காலையில் வண்டி நன்றாகவே ஓடும், சில மைல்கள் சென்றபின் மிதி உயர்ந்து இறுகும், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் வண்டி தயங்கும், சக்கரங்கள் சுடும். நிறுத்திக் குளிரவிட்டால் தானே விடுபடும். இந்த அடையாளங்கள் ஒருங்கே தோன்றினால் நோய் மாஸ்டர் சிலிண்டரில் என்று கொள்ளலாம். மிதிக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி இல்லாமல் போனாலும் இதே தொல்லை உண்டாகும்.

திரவத்தில் எண்ணெய் கலந்துள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து சில துளிகளை எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் விடுங்கள். கிளைக்கால் திரவம் கரைந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால், பழைய திரவத்தை வெளியேற்றிப் புதியதை ஊற்றுவது மட்டும் போதாது. குழாய்களைக் கழுவி, ரப்பர்ப் பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும்.

சக்கரங்களுக்கு அருகே வளையத்தக்க ரப்பர்க் குழாய்கள் உண்டு. வயதான குழாய் வெளியே நன்றாகத் தோன்றும். உள்ளே வீங்கி, அல்லது உரிந்து, வழியை அடைத்துவிடும். சில சமயம் உரிந்த பகுதி ஒருவழிக் கதவாக மாறுகிறது: திரவம் போகும், திரும்பாது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், காலை எடுத்தபின்னும் ஒரு சக்கரம் மட்டும் சுடுவதும் இதற்கு அறிகுறிகள்.

அடுத்து, உராய்வின் கதை. 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், மேட்டு நிலச் சாலைகளில் இறங்கும் குதிரை வண்டிகள் தடுமாறுவதைக் கண்டு, பிரேக் கட்டைக்கு ஏற்ற உராய்வுப் பொருளைத் தேடத் தொடங்கினார். பின்னாளில் கல்நாரைப் பிசினுடன் சேர்த்துச் செய்த லைனிங்குகள் உலகெங்கும் பரவின. அதிகச் சூடு கண்ட லைனிங் கண்ணாடிபோல் பளபளப்பேறி வழுக்கும். அச்சிலிருந்து கசிந்த எண்ணெய் அதில் ஊறினாலும் அவ்வாறே. அப்போது மிதி கல்போல் நிற்கும். விசையும் சக்கரம் வரை சேரும். ஆனால் உராய்வு இராது. நம்முடைய இரண்டாவது கேள்விக்கு விடை இதுவே. கல்நார்த் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. ஆதலால் பழைய கார்களின் டிரம்மைத் திறக்கும்போது அத்தூசியை ஊதிப் பறக்கவிடலாகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இனி, மூன்றாவது கேள்வி. டிரம் பிரேக்குக்கு ஓர் இயற்கை உதவி உண்டு. சுழலும் டிரம், தன் திசையில் இருக்கும் ஷூவைத் தானே இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். ஆகவே சிறு விசை போதும். ஆனால் சூடேறினால் அதன் பிடி தளரும். இக்குறை நீங்கச் சுழலும் தட்டை இருபுறமும் கவ்வும் டிஸ்க் பிரேக் வந்தது. 1953-இல் லமான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வென்றதும் அதன் புகழ் பரவியது. டிஸ்க் பிரேக் தன்னைத்தானே இறுக்கிக்கொள்வதில்லை. முழு விசையையும் நாமே தர வேண்டும். இக்குறையை நிறைவு செய்ய, 1928 முதலே பியர்ஸ் ஆரோ போன்ற பெரிய கார்களில் வழங்கிய வெற்றிட சர்வோ என்னும் துணைச்சாதனம் சாதாரணக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

அதன் தத்துவம் எளியது. பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது காற்றை உறிஞ்சுவதால் அதன் உள்வழிக் குழாயில் பகுதி வெற்றிடம் உண்டாகிறது. மிதிக்கு முன்னே உள்ள வட்டமான தகரப் பேழைக்குள் ஒரு ரப்பர்த் திரை இருக்கிறது. திரையின் ஒருபுறம் அந்த வெற்றிடம்; மிதித்ததும் மறுபுறம் வெளிக்காற்று நுழையும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள திரையின் பரப்பு ஏறக்குறைய 314 சதுர சென்டிமீட்டர். இரு புறங்களின் அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.65 கிலோ என்றால், சுமார் 200 கிலோ விசை காலுக்குத் துணையாகக் கிடைக்கிறது. நம்மைச் சூழ்ந்த காற்றே நம்மோடு சேர்ந்து மிதிக்கிறது!

இங்கேதான் நம் நாட்டு வரலாறு குறுக்கிடுகிறது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசடரும், பம்பாய்க் குர்லாவில் உருவான பியட்டும் பல ஆண்டுகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன், சர்வோவின் துணையின்றி ஓடின. 1962-இல் தொடங்கிய ஒரு கூட்டு நிறுவனத்தால் பிரேக் செய்யும் தொழில் சென்னைக்கு அருகே பாடியிலும் வேரூன்றியது. அக்காலத்து ஓட்டுநர்கள் பெட்ரோலை மிச்சப்படுத்த, மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிடும் பழக்கம் கொண்டிருந்தனர். அது அன்றும் நல்ல பழக்கம் அன்று. ஆயினும் எஞ்சின் நின்றதால் மிதியின் வலிமை குறையவில்லை.

தந்தையிடம் இப்பழக்கத்தைக் கற்ற மகன் இன்று சர்வோ உள்ள காரில் அதையே செய்கிறான். எஞ்சின் நின்றதும் வெற்றிடம் பிறப்பது நிற்கிறது. பேழையில் சேமித்துள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும். அதன்பின் மிதி கட்டையாகிறது. பழுது ஏதுமில்லை, யந்திரம் மாறியது, பழக்கம் மாறவில்லை. அன்று சிக்கனம் எனக் கருதியது இன்று உயிருக்கு உலை வைக்கிறது. இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது முதன்மையாக இதுவே.

சர்வோவைச் சோதிக்கக் கருவி வேண்டுவதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, மிதி இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை அழுத்தியபடியே எஞ்சினை ஓட்டுங்கள். மிதி தானாகச் சிறிது கீழிறங்கினால் சர்வோ நலமாயிருக்கிறது. இறங்காவிடில், எஞ்சினிலிருந்து வரும் வெற்றிடக் குழாய் பிளந்தோ கழன்றோ இருக்கலாம். குழாயிலுள்ள ஒருவழி வால்வு பழுதாகியிருக்கலாம். அல்லது திரையே கிழிந்திருக்கலாம். மற்றொரு சோதனை: எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மிதியுங்கள். முதல் மிதியே இறுகினால், வெற்றிடம் சேமிப்பில் நிற்கவில்லை என்று பொருள். டீசல் எஞ்சினில் இதற்கென ஒரு பம்பு இருப்பதால் அதனையும் பார்க்க வேண்டும். மின்சாரக் கார்களில் மின்பம்போ மின்மோட்டாரோ இத்துணையைத் தருகிறது.

சர்வோ நலமாயிருந்தும் மிதி இறுகினால், பட்டறையில் இருவர் சேர்ந்து சோதிப்பது முறை. ஒருவர் மிதிக்க, மற்றவர் ஒவ்வொரு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளைச் சிறிது தளர்த்த வேண்டும். திரவம் பீறிட்டால் அதுவரை வழி திறந்திருக்கிறது. அச்சக்கரத்தின் பிஸ்டனையோ ஷூவையோ லைனிங்கையோ ஆராய வேண்டும். திரவம் வராவிடில் அடைப்பு அதற்கு முன்னே உள்ளது. இணைப்பு இணைப்பாகப் பின்னோக்கிச் சென்றால் அந்த இடம் அகப்படும். சோதனை முடிந்ததும் குழாயில் புகுந்த காற்றை நீக்காமல் வண்டியை வெளியே எடுக்கலாகாது.

இறக்கத்திலேயே மிதி இறுகிவிட்டால் என் செய்வது? அமிழும் மிதியை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் மிதிக்க வேண்டும் என்பது பழைய பாடம். இறுகிய மிதிக்கு அப்பாடம் பொருந்தாது. ஒவ்வொரு மிதியும் எஞ்சிய வெற்றிடத்தைச் செலவழித்துவிடும். காலை எடுக்காமல், தேவையானால் இரு கால்களாலும், முழு வலிமையுடன் அழுத்த வேண்டும். சர்வோ போனாலும் பாஸ்கலின் விதி போய்விடவில்லை. காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே திரவத்தின் தொடர்பு இருக்கவே செய்கிறது. படிப்படியாகக் கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினையே தடையாக்க வேண்டும்; கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். எஞ்சினை மட்டும் அணைக்கலாகாது.

பாஸ்கலின் விதியும், லாக்ஹீட்டின் குழாயும், ஃப்ரூட்டின் லைனிங்கும் இன்று நம் காலடியில் ஒன்றுகூடி நிற்கின்றன. அவை ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்யும்வரை நாம் அவற்றை நினைப்பதில்லை. மிதி இறுகுவது அவற்றுள் ஏதோ ஒன்று தன் குறையை நமக்குத் தெரிவிக்கும் மொழியே. அம்மொழியைத் தெருமுனையிலேயே கேட்டுப் புரிந்துகொள்வது நன்று. தொப்பூர்ச் சரிவில் கேட்கும் வரை காத்திருப்பது நன்றன்று. அடுத்த முறை ஊருக்குப் புறப்படும் நாளன்று, பெட்டிகளை ஏற்றுமுன் மிதியின் மீது ஒருமுறை காலை வைத்து, எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். அது சிறிது இறங்கினால், நீங்களும் நிம்மதியாக மலை இறங்கலாம்.